மரக்கரண்டியும் மச்சான் குரலும்

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றார் மச்சான். மூன்றாவது தரத்துக்கும் உதடு அசைந்தது. என் ஹெட்போனில் ஒன்றும் வரவில்லை.

சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து விளையாடுகிறார் என்று முதலில் நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது. பிறகு கர்ரென்று ஒரு சத்தம் வந்து, குரலும் திரும்பி வந்தது.

"...ன்ன மாப்பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற?"

மச்சான் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். மைக் சோதனைக்கு ஊரே ஹலோ சொன்னால் இவர் ஏலம் போடுவார். என் மனைவிக்கு அண்ணன். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் இந்த மனுஷன் கொஞ்ச நேரம் வாயை மூட மாட்டாரா என்று நான் ஏங்கியிருக்கிறேன். சந்தையில் மைக் இல்லாமலே நாலு வரிசை தாண்டிக் கேட்கும் குரல் அது. வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான், இறக்கி வைக்க மாட்டார். நான் எதைச் சொன்னாலும் கடைசியில் "உனக்கு ஒண்ணும் தெரியாது மாப்பிள்ளை" என்று முத்திரை குத்திவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

நாளைக் காலை ஏழு மணிக்கு அவருடைய குரல்பெட்டியை எடுத்துவிடப் போகிறார்கள். உள்ளே கட்டி. எடுக்காமல் விட்டால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஏங்கியது நடக்கப் போகிறது. 

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா நானூறு வாக்கியம் கேட்டிருந்தார்; முந்நூற்று எண்பதை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். அவற்றை மச்சான் வாசிக்க, நாங்கள் பதிவு செய்து கொடுத்தால், அதிலிருந்து ஒரு குரலை உருவாக்கி போனில் போட்டுவிடுவார்களாம். பிறகு அவர் தட்டெழுதினால் போன் அவர் குரலில் பேசும். கடைசி இருபது மட்டும் நம் இஷ்டம்; தினமும் சொல்கிற வார்த்தைகள். அவை பதிவானபடியே பட்டனில் இருக்கும், அழுத்தினால் போதும். தொண்டை தாங்காது என்பதால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது. மூன்று நாளில் முந்நூற்று இருபது முடித்துவிட்டோம். மிச்சம் எண்பது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இப்போது மணி ஒன்றேகால்.

"நடுவுல மைக்கையோ மிஷினையோ மாத்திடாதீங்க சார். அப்புறம் பாதி உங்க மச்சானாவும் பாதி வேற யாரோவாவும் கேக்கும்" என்று அந்த அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மைக்கிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும் பெட்டிதான் ப்ரீஆம்ப். என்னுடையது பழைய வால்வு பெட்டி. உள்ளே கட்டைவிரல் அளவில் இரண்டு கண்ணாடி வால்வுகள் மினுமினுக்கும். வீட்டின் பின்னறையில் விளம்பரமும் பாடப் புத்தகமும் பதிவு செய்து பிழைக்கிற எனக்கு அதுதான் சோறு போடுகிறது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடக் காலை வாரியதில்லை.

முதலில் மைக் கேபிளை மாற்றினேன். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று முழுசாக வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். நாலாவது வாக்கியத்தில் மறுபடியும் குரல் செத்தது. எப்போதும் செத்துக் கிடந்தால் கண்டுபிடித்துவிடலாம். வந்து வந்து போகிற கோளாறு இருக்கிறதே, அது நாம் தேடும்போது நல்ல பிள்ளையாக நடிக்கும்.

"என்னங்க, அண்ணன் இதுக்குள்ள நாப்பது தடவை பேசிட்டாரு. தொண்டை கட்டிடப் போகுது" என்றாள் மனைவி. உள்ளே அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாள் புரட்டுவது அவள் வேலை.

"மிஷின் தலையில ஒண்ணு போடு மாப்பிள்ளை. எங்க சந்தையில தராசுக்கு அதுதான் வைத்தியம்."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க மச்சான்!"

சொன்ன பிறகுதான் சுரீரென்றது. மனைவி தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மச்சான் மட்டும் சிரித்தார்.

"நாளையிலேர்ந்து மாப்பிள்ளை, நாளையிலேர்ந்து."

பெட்டியின் மூடியைக் கழற்றினேன். என்னிடம் ஒரு உபரி வால்வு இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தும் கோளாறு போகவில்லை. அப்படியானால் குற்றம் வால்வில் இல்லை. எங்கே என்று மெல்லத் தட்டித்தான் பார்க்க வேண்டும். உள்ளே இருநூற்றைம்பது வோல்ட் ஓடுகிறது, விரலை விட முடியாது. பென்சிலும் கூடாது, அதற்குள் இருக்கும் கரியில் மின்சாரம் பாயும். சமையலறைக்கு ஓடி, காய்ந்த மரக்கரண்டி ஒன்றை எடுத்து வந்தேன். அதன் காம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். முதல் வால்வின் தலையை இடது பக்கம் சாய்த்தால் குரல் போனது. வலது பக்கம் சாய்த்தால் வந்தது. வால்வு உட்காரும் சாக்கெட் தளர்ந்திருந்தது.

 அதைத் தளர்த்தியது நான்தான். போன மாதம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் திறந்து, தூசி துடைக்கிறேன் பேர்வழி என்று வால்வை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். அன்றைக்கு வாசலில் நின்ற மச்சான், "நல்லா ஓடுறதை ஏன் நோண்டுற?" என்று கேட்டார். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று மடக்கியதும் நான்தான்.

மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளே தேங்கியது வடியக் காத்திருந்து, வால்வைக் கழற்றினேன். சாக்கெட்டில் ஒன்பது துளைகள். ஒவ்வொன்றிலும் வால்வின் அடியில் உள்ள பின்னைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன கிளிப். ஒன்றில் மட்டும் பிடி இல்லை. தையல் ஊசியால் அதை நெருக்கினேன். கொஞ்சம் நெருங்கியது. இன்னும் கொஞ்சம் நெருக்கினேன். அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் கிளிப் பாதி உடைந்து என் மேஜையில் விழுந்தது.

ஊசி முனையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.  பாகங்கள் விற்கிற கடைக்கு போன் போட்டால், "அந்த சாக்கெட்டா? வரவழைக்கணும் சார், மூணு நாளாகும்" என்றான்.

"சரியாயிடுச்சா?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டாள் மனைவி.

"ஆயிடும்" என்றேன். பொய்தான். மணி இரண்டே கால்.

வால்வைத் திரும்பப் போட்டு மின்சாரம் கொடுத்தேன். குரல் துளியும் வரவில்லை. காம்பால் வால்வை வலது பக்கம் அழுத்தினேன். வந்தது. கையை எடுத்தேன், போனது. மறுபடியும் அழுத்தினேன், வந்தது. சரி, இதைச் சரி செய்ய முடியாது. பிடித்துக்கொண்டு உட்கார முடியும்.

"மச்சான், ஆரம்பிங்க. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

ஒரு கையில் மரக்கரண்டி, இன்னொரு கை கீபோர்டில். குழம்பைக் கிண்டுகிறவன் மாதிரிதான் உட்கார்ந்திருந்திருப்பேன். ஆனால் கிண்டக் கூடாது, அசையவே கூடாது. வால்வுக்கு ஒரு குணம் உண்டு. கண்ணாடியில் லேசாக எது பட்டாலும் அந்த அதிர்வும் ணிங்கென்று பதிவில் ஏறிவிடும். என் கை நடுங்கினால் அது மச்சானின் குரலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். மூச்சைக்கூட அவர் வாக்கியங்களுக்கு நடுவில்தான் விட்டேன்.

முந்நூற்று முப்பது. முந்நூற்று ஐம்பது. தோள் கடுத்து, விரல்கள் மரத்தன. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க வழியில்லை. அவர் குரலும் கரகரக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் சந்தையில் கடைசி மூட்டையைத் தள்ளிவிடுகிறவர்போல முடித்துத் தள்ளினார்.

முந்நூற்று எண்பது முடிந்ததும் சொந்த இருபது வந்தது. அதை மனைவிதான் எழுதியிருந்தாள். டீ வேணும். ஃபேனைப் போடு. வலிக்குது. யாரு அங்க? "உனக்கு ஒண்ணும் தெரியாது மாப்பிள்ளை" என்பதை அவரே கேட்டுச் சேர்த்திருந்தார். கடைசியாக அவள் எழுதிய "எனக்குப் பயமா இருக்கு" என்பதைக் காலையிலேயே பேனாவால் அடித்துவிட்டார். "இதை நான் எப்ப சொல்லியிருக்கேன்? இனிமே சொல்றதுக்கு?" என்று தங்கையிடம் சண்டைக்கும் போனார்.

பத்தொன்பது முடிந்தது. மணி மூன்று ஐந்து. இத்துடன் நிறுத்திவிடலாம் என்று கீபோர்டில் விரலை வைத்தேன்.

"இரு" என்றார்.

தண்ணீர் குடித்தார். அடித்த வரியைப் பார்த்தபடி, ஏலக் குரலை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, நான் கேட்டேயிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கு."

என் கை ஆடிவிட்டது. ணிங்கென்று ஹெட்போனில் கேட்டது. எனக்கு அழுகையும் வந்தது, என் மேலேயே ஆத்திரமும் வந்தது. முக்கால் மணி நேரம் கல்லாக இருந்த கை அந்த ஒன்றில் போய் ஆட வேண்டுமா?

"மச்சான், சத்தம் விழுந்துடுச்சு. இன்னொரு தடவை சொல்லிடுங்க."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் ஒரு தரம்தான் மாப்பிள்ளை. மூணு தரம் சொன்னா ஏலம் என் பேருக்கே விழுந்துடும்."

சிரித்துக்கொண்டே எழுந்து, செருப்பைத் தேடினார். மனைவி அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் ஆன பதினோராம் நாள் மத்தியானம் வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் கட்டு, அதன் நடுவில் மூச்சுக்கு ஒரு துளை. ஆபரேஷன் ஒழுங்காக முடிந்தது என்றார்கள். ஆனால் எடுத்த இடத்தின் ஓரத்தில் கட்டி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று சொல்லும் ரிப்போர்ட் அன்றைக்குத்தான் வர வேண்டும். டாக்டர் வருகிறார், வருகிறார் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தாள். மனைவி கதவருகே நின்று வராந்தாவையே பார்த்தாள். போனில் குரலைப் போட்டுக் கொடுத்து இரண்டு நாளாகியும் மச்சான் டீயையும் ஃபேனையும் தவிர வேறு பட்டனைத் தொடவில்லை.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் போனை எடுத்தார். கடைசிப் பட்டனை அழுத்தினார்.

"எனக்குப் பயமா இருக்கு." பின்னாலேயே ணிங்.

போனில் ஏதோ கோளாறு என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அது என் கை. அவர் பயத்தோடு ஒட்டிக்கொண்டு இனி எப்போதும் வரப்போகிற என் கை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கும்தான் மச்சான்" என்றேன். "அந்த மிஷினைக் கெடுத்ததே நான்தான். நீங்க அன்னைக்கே சொன்னீங்க, நோண்டாதேன்னு. நான் கேக்கல."

அவர் என்னைப் பார்த்தார். கையை உருவிக்கொண்டு, விரலால் பட்டன்களைத் தேடினார். செருப்புச் சத்தம் கதவை நெருங்கிவிட்டது.

"உனக்கு ஒண்ணும் தெரியாது மாப்பிள்ளை" என்றது போன். நாலு வரிசை தாண்டிக் கேட்கிற குரல். ஓர் எழுத்துகூட விடுபடவில்லை. உருவிய கையால் மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்தது.