கறுப்புத் திரை விற்பனைக்கில்லை

டிசம்பர் பிறந்துவிட்டால் ரெமேதியோஸ் ஊரில் நர்தோவும் ஒதால்மிஸும் புருஷன் பெண்டாட்டி இல்லை. அவன் சான் சல்வதோர் பேட்டை, சேவல் கட்சி. அவள் கார்மென் பேட்டை, பருந்துக் கட்சி. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு சதுக்கத்தில் இரண்டு பேட்டைகளும் தேர் விட்டு, வாணம் கொளுத்தி மோதிக்கொள்ளும்வரை யார் என்ன தேர் கட்டுகிறார்கள் என்பது பரம ரகசியம். அதனால் முதல் தேதியே நர்தோ மூட்டை கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவான். இருபத்தொன்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு.

இந்த வருஷம் கார்மென் கட்டியது பேய்த் தேர். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாதிரியார், ‘ஊருக்கடியில் பேய்ப் பட்டாளம் இருக்கிறது, ஊரே முழுகப்போகிறது, கிளம்புங்கள்’ என்று பயங்காட்டினார். சில குடும்பங்கள் கிளம்பிப் போய் சாந்தா கிளாரா என்ற ஊரை உண்டாக்கின. மற்றவர்கள் அசைந்து கொடுக்கவில்லை. அந்தப் பேய்கள்தான் தேர்மேல் முப்பத்தைந்து, கறுப்பு இறக்கையோடு. தையலுக்குத் தலைவி ஒதால்மிஸ்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் பார்த்தால் தேர் கட்டும் கொட்டகையின் கூரை ஒழுகி, இறக்கையெல்லாம் சாயம் போய்ச் சாம்பலாகக் கிடந்தது. துணி கிடைக்காவிட்டால் தேர் இல்லை. சேவல் கட்சி வருஷம் முழுக்கக் கேலிப் பாட்டுக் கட்டிப் பாடும்.

ஊரில் கறுப்புத் துணி இருந்தது ஒருவனிடம்தான். லிபோரியோ, கடற்கரை ஓட்டல்கள் கழித்த ஜன்னல் திரைகளை வாங்கி விற்பவன். அவனும் சேவல் கட்சி. கறுப்பு என்று வாயெடுத்தால் பத்தே நிமிஷத்தில் விஷயம் ஊர் சுற்றிவிடும். ஆகவே வெள்ளைத் திரைக்குப் பேரம் பேசி, கறுப்பைக் கொசுறாகத் தட்டிக்கொண்டு வருவது என்று கிளம்பினாள்.

கடையில் நர்தோ காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான்.

“வா தங்கச்சி,” என்றான் லிபோரியோ. “காப்பி குடிக்கிறியா, இல்ல விஷம் வச்சிருப்போம்னு பயமா?”

“உங்க காப்பிக்குத் தனியா விஷம் வேறயாண்ணே?”

நர்தோ சிரிப்பை விழுங்கினான். அவள் வெள்ளைத் திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “இது திரையா, கொசுவலையா?”

“கனடாக்காரங்க காசு குடுத்துக் கடல் பாத்த திரை. கட்டு மூவாயிரம் பெசோ.”

“கடலையும் சேத்துக் குடுப்பீங்களா? ஆயிரத்து இருநூறு.”

இழுத்துப் பறித்து ஆயிரத்து எண்ணூறுக்கு வந்தது. இரண்டு கட்டு. “சரி, அந்தக் கறுப்பைக் கொசுறாப் போடுங்க. என் ஜன்னல்ல வெயில் கொளுத்துது.”

“அது விக்கிறதுக்கில்ல.”

“ரெண்டாயிரம் தரேன்.”

“இல்ல.”

“நாலாயிரம்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜன்னல் திரைக்கு எவள் நாலாயிரம் கொடுப்பாள்? லிபோரியோவின் புருவம் ஏறியது. ஆனால் நாலாயிரத்துக்குத் தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையே விற்கக்கூடியவன் ஏன் மறுக்கிறான்? அவள் நர்தோவைப் பார்த்தாள். அவன் காது மடல் சிவந்திருந்தது. மறைக்க விஷயம் இருந்தால் மட்டும் சிவக்கும் காது அது. கறுப்புக் கட்டுக்குப் பின்னால் காகிதக்கூழில் செய்த கொம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. லிபோரியோ அதைக் காலால் உள்ளே தள்ளினான்.

அவர்களும் பேய்தான் கட்டுகிறார்கள்.

“இருக்கிறவங்க அனுபவிங்க,” என்று தோற்றுப்போனவள் போலச் சொல்லிவிட்டு வெள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். “பாவம், பேய்க்குத் துணி இல்லையாம்,” என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தான், நாலாயிரத்திலேயே விஷயத்தைப் பிடித்துவிட்ட லிபோரியோ. தெருமுனை திரும்பியதும் ஓட்டம் பிடித்தாள்.

“பேயை மூட்டை கட்டுங்க,” என்று கொட்டகையில் மூச்சிரைக்கச் சொன்னாள். “சேவல்காரன் கொண்டு வரான். நாம ஊரைக் கொண்டு போவோம்.”

“எந்த ஊரை?”

“பேய்க்குப் பயந்து போகாம நின்னாங்களே, அந்த ஆளுங்களை. கையில வெள்ளைத்துணிதான் இருக்கு, சட்டையும் பாவாடையுமாத் தைச்சுத் தள்ளுங்க.”

இரண்டு நாள் யாரும் உட்காரவில்லை. தையல் இயந்திரம் சூடேறி நின்றால் கையால் தைத்தார்கள்.

இருபத்துநாலாம் தேதி இரவு, சேவல் கட்சியின் பேய்கள் புகைக்கு நடுவே இறக்கை விரித்து வந்தன. அழகுதான், ஒதால்மிஸுக்கே வயிறு எரிந்தது. அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து கார்மென் தேர் திரும்பியது. வெள்ளை உடுத்த ஊர் ஜனம், கையில் விளக்குமாறு, கரண்டி, வாணலி. உச்சியில் ஒருத்தி ஆடும் நாற்காலியில் சாய்ந்து விசிறிக்கொண்டே பேய்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். சதுக்கமே அதிரச் சிரித்தது. சேவல் கட்சிக்காரர்களும் சிரித்துவிட்டுத்தான் வாயைப் பொத்தினார்கள்.

கூட்டத்தை முட்டிக்கொண்டு நர்தோ வந்தான். “அப்ப கறுப்புத் திரையை ஏண்டி கேட்டே? நாலாயிரம் வரைக்கும் ஏறினியே?”

“நீங்க விப்பீங்களா மாட்டீங்களான்னு பாக்கத்தான். மாட்டேன்னதுமே உங்க தேர் என்னன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றாள் ஒதால்மிஸ், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

நர்தோ நம்பிவிட்டான். லிபோரியோவைத் தேடிக்கொண்டு போனான், திட்டுவதற்கு.