ரித்திகாவின் மூன்று வருட வார்த்தைகள்

என் தங்கை ரித்திகாவுக்கு வாய் நீளம் என்று அவள் மாமனார் பாலுசாமி எங்கள் சிங்காநல்லூர் வீட்டில் உட்கார்ந்து சொன்னபோது எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“‘மாட்டேன்’னுதானுங்க பேச்சே ஆரம்பிக்குது. மட்டு மரியாதை கெடையாது. இப்படியொரு வாய்க்காரி எங்களுக்கு வேண்டாமுங்க. உங்க புள்ளைய நீங்களே வெச்சுக்குங்க.”

பக்கத்தில் மாப்பிள்ளை மிதுன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். பஞ்சாயத்துப் பேச வந்த பெரியப்பா தம்பிதுரை தரையைப் பார்த்தார். சொந்தபந்தத்துக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் எங்கள் எல்லாருடைய கவலையும். பவானியில் இருக்கும் புகுந்த வீட்டிலிருந்து ஒரு பையோடு ரித்திகா வந்து பத்து நாள் ஆகியிருந்தது. “நான் அங்க போகலண்ணா” என்பதைத் தவிர அவள் எதுவும் சொல்லவில்லை.

எனக்குச் சரவணம்பட்டியில் வேலை. வாடிக்கையாளர்களின் புகார்களில் எந்த வார்த்தை எத்தனை முறை வருகிறது என்று கணினியில் எண்ணிச் சொல்ல வேண்டும். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

“வாயில சொல்றத விடுங்க மாமா. அவ மாப்பிள்ளைக்கு அனுப்புன மெசேஜ எண்ணிப் பாத்துரலாம். அதுல என்ன இருக்குதோ அதான் நெசம்,” என்றேன்.

போனைக் கேட்டதும் ரித்திகா தயங்கினாள். “வேண்டாம், விடுண்ணா.” கூச்சப்படுகிறாள் என்று நினைத்து நானே வாங்கிக்கொண்டேன்.

மூன்று வருடத்தில் மிதுனுக்கு அவள் அனுப்பியது பதினோராயிரத்துச் சொச்சம் செய்திகள். இங்கிலீஷ் எழுத்தில் தட்டியதையும் சேர்த்துத்தான். ‘மாட்டேன்’ இரண்டே முறை. ‘சரிங்க’ மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு. ‘மன்னிச்சுக்குங்க’ அறுநூற்று ஏழு. மரியாதைக் குறைவாக ஒன்றுகூட இல்லை. லேப்டாப்பைப் பாலுசாமியின் பக்கம் திருப்பி வைத்தேன். அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பாலுசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முகம் இளகியது.

“இத்தன அடக்கமான புள்ளையத் தப்பா நெனச்சுப்போட்டமுங்க.”

“பின்ன என்னுங்க? கூட்டிட்டுப் போங்க,” என்றார் பெரியப்பா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் காபி போட எழுந்தாள்.

“நான் போகலீங்க பெரியப்பா,” என்றாள் ரித்திகா. “அவரு அடிக்கறாருங்க.”

மிதுன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: “அதையும் எண்ணிப் பாருங்க மச்சான்.”

எண்ணினேன். ‘அடி’ இல்லை. ‘வலி’ இல்லை. ‘பயம்’ இல்லை.

“அடிக்கறவருக்கேவா அதை எழுதுவாங்க?” என்று ரித்திகா கேட்டாள். நான் லேப்டாப்பை மூடினேன்.

“இதுல அதெல்லாம் தெரியாதுங்க பெரியப்பா. அவ சொல்றதக் கேளுங்க,” என்றேன்.

“அதுல இருக்கறதுதான் நெசம்னு நீதான கண்ணு சொன்னே?”

பெரியப்பா என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே நம்பிவிட்டார். அதற்குமேல் நான் கத்தியது எதுவும் எடுபடவில்லை. அம்மா பூ வைத்துவிட்டாள்.

பையை நான்தான் காரில் ஏற்றினேன். ரித்திகா கதவைச் சாத்தாமல் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

“வாய்க்காரின்னு சொல்லி அவங்களே விட்டுப்போட்டுப் போறோம்னாங்க. நீ எதுக்குண்ணா எண்ணுனே?”