அம்மாவைத் தவிர

நகுலேஸ்வரி நிசாந்தனின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலர்ச்சாலையின் பின்பக்கம், கார்கள் நிற்கிற இடத்துக்கு வந்தாள். கனடாவிலிருந்து தம்பியின் சவப்பெட்டியோடு கூடவே பறந்து வந்தவன் அவன். அம்மாவின் தமையன் மகன். சவரம் செய்யாத முகமும் குளிரில் வெடித்த உதடுகளுமாக, எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கிற நிலையில் இருந்தான்.

"இன்னும் கொஞ்ச நேரத்தில அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திடுவினம். என்ன கேட்டாலும் ஒரு பதில்தான், விளங்குதோ? மெசின் பிரண்டது, அந்த இடத்திலேயே சீவன் போட்டுது. அவ்வளவுதான்."

"ஓம் மச்சாள்."

"தேடினது, பொலிஸ், ஹெலிகொப்டர், ஒண்டும் வாயில வரக்கூடாது. கிளை முறிச்சுப் போட்டுப் படுத்திருந்தவன் எண்ட கதை வரவே கூடாது."

"மாமியின்ர முகத்தைப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு ஏலாது மச்சாள்."

"அப்ப முகத்தைப் பாராதையும்."

சொல்லிவிட்டு அவனுடைய கோட்டின் சுருக்கத்தை உள்ளங்கையால் தடவி நேராக்கினாள். இன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் சமாளித்தால் போதும். பெட்டி உள்ளே போய்விட்டால், பிறகு அம்மா எதைக் கேட்டாலும் ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவளுடைய கணக்கு.

தம்பி சுகிர்தன் லண்டனில் குறொய்டன் பக்கம் பஸ் ஓட்டினவன். கலியாணம் அது இது என்று எல்லோரும் கேட்டுக் களைத்து விட்டுவிட்ட வயது. தோர்ண்டன் ஹீத்தில் அம்மாவோடு ஒரு பிளாட்டில் இருந்தான். வருடம் முழுக்க இருபது மைல் வேகத்துக்கு மேல் போகவிடாத தெருக்களில், ஒவ்வொரு இருநூறு மீற்றருக்கும் நின்று நின்று ஓட்டுகிறவனுக்கு, ஷிப்ட் முடிந்து வந்தால் போனில் ஒரே ஒரு பொழுதுபோக்கு. பனிக்காட்டுக்குள் ஸ்னோமொபில், அந்தப் பனியில் சறுக்கி ஓடும் மெசின், ஓட்டுகிறவர்களின் வீடியோ. ஆளில்லை, சிக்னல் லைட் இல்லை, மணி அடித்து இறக்கிவிடச் சொல்வாரில்லை. வெள்ளைப் பாதை ஒன்று மரங்களுக்கு நடுவில் போய்க்கொண்டே இருக்கும். நிசாந்தன் வடக்கு ஒன்ராறியோவில் ஒரு சின்ன ஊரில் பெற்றோல் செட் வாங்கிப் போய்க் குடியேறியபோது, அவனைவிடச் சுகிர்தன்தான் சந்தோசப்பட்டான்.

லீவு ஏப்ரலில்தான் கிடைத்தது. "சீசன் முடியுது மச்சான், வாற மாசியில வா" என்று நிசாந்தன் சொல்லிப் பார்த்தான். "வாற மாசியில ஆர் இருப்பினம் ஆர் இல்லையோ, நான் வாறன்" என்று சிரித்துக்கொண்டு போனவன். செத்தபிறகு யோசித்தால் எல்லாப் பகிடியும் அபசகுனம்தான். சொன்ன நேரத்தில் அது வெறும் பகிடி.

வெட்டிய மரங்களை லொறியில் ஏற்றிவருவதற்காகக் காட்டுக்குள் போட்ட பாதைகள் அவை. மாரிப் பனியில் லொறி ஓடாத பாதைகளில் ஸ்னோமொபில் ஓடும். நிசாந்தனும் அவனுடைய சிநேகிதன் ஒருவனும் சுகிர்தனும் மூன்று மெசினில் போனார்கள். பாதி நாள் நல்ல ஓட்டம். மேட்டு உச்சிக்குப் போனபோது வெயில் ஏறி, பாதையில் பனி கரைந்து சரளைக்கல் தெரியத் தொடங்கிவிட்டது. திரும்புவோம் என்றான் நிசாந்தன். "நீங்கள் போங்கோ, இதில சிக்னல் இருக்கு, ஒரு கோல் எடுத்துப்போட்டு வாறன்" என்றான் சுகிர்தன். ஆருக்கு என்று நிசாந்தன் கேட்கவில்லை. கீழே பிக்கப் வாகனத்தடியில் நின்று பார்த்தார்கள். வரவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அதற்குள் மழை தூறி, பாதையில் இருந்த தடமெல்லாம் அழிந்துவிட்டது.

நகுலேஸ்வரிக்கு விடியக்காலை போன் வந்தது. அவள் முதலில் செய்த வேலை, மேல் அறையில் நித்திரையாக இருந்த அம்மாவின் தலைமாட்டிலிருந்து அவளுடைய போனை எடுத்து நிறுத்தி, தன் அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில் வைத்ததுதான். சுகிர்தன் கனடா போன நாளிலிருந்து அம்மா மகள் வீட்டில். போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிசி. ஊரில் யாராவது எடுத்து "தம்பியைக் காணேல்லையாமே" என்று கேட்டுவிட்டால்?

இந்தக் குடும்பத்தில் சாவுச் செய்தி ஒருநாளும் ஒரேயடியாக வந்ததில்லை. முதலில் காய்ச்சல் என்பார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் மறித்திருக்கிறார்கள் என்பார்கள். பிறகு கொஞ்சம் சீரியஸ். அதற்குள் அங்கே எரித்துச் சாம்பலும் கரைத்திருப்பார்கள். நகுலேஸ்வரியின் வயிற்றில் அர்ஜுன் இருந்தபோது யாழ்ப்பாணத்தில் அப்பா செத்துப்போனார். பிள்ளை பிறந்து தொட்டிலில் போட்ட பிறகுதான் அவளுக்குச் சொன்னார்கள். மறைத்தது அம்மாதான். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சொல்லலாமோ என்று நியாயம் வேறு. அன்றைக்கு நகுலேஸ்வரிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் தன் முறை வந்தபோது அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

அன்று மத்தியானம், அங்கே விடிகிற நேரம், கனடாப் பொலிஸிலிருந்து ஒரு பெண் பேசினாள். தன்மையான குரல். நகுலேஸ்வரி பின்தோட்டத்தில் உடுப்புக் காயப்போடுகிற கம்பியடியில் நின்று பேசினாள். சமையலறை ஜன்னலுக்குள்ளால், அம்மா மேசையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. உச்சியில் நின்று உங்கள் சகோதரர் யாருக்கு எடுத்தார் என்று தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். எந்தப் பக்கத்தால் இறங்குகிறேன் என்று சொல்லியிருப்பாரோ? உங்களுக்கு? சிநேகிதர்களுக்கு? தாய் இருக்கிறாரா?

"அம்மா இருதய நோயாளி," என்றாள் நகுலேஸ்வரி ஆங்கிலத்தில். "தயவுசெய்து அவவுக்கு எடுக்க வேண்டாம். அவவைக் கேட்டுப் பிரயோசனமில்லை."

உள்ளே போனபோது அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"ஆரடி போனில?"

"வேலை இடத்தில இருந்து."

"என்ர போனைக் காணேல்ல. தம்பி எடுப்பானெல்லோ."

"சார்ஜர் பழுதம்மா. அவன் நிக்கிற இடத்தில சிக்னலும் இல்லையாம்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நகுலேஸ்வரி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, மீன் இருக்கிறதா இல்லையா என்று பெரிதாகத் தேடத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் கண்டுபிடித்தார்கள். ஆற்றோரமாக இறங்குகிற பழைய பாதையொன்றில், பனிக்கு அடியில் நீர் அரித்து மதகு இடிந்த இடத்தில் மெசின் விழுந்து கிடந்தது. பனி கரைகிற காலத்தில் அந்த ஊரார் யாரும் அந்தப் பாதையால் போவதில்லை. ஆகவே அங்கே கடைசியாகத்தான் பார்த்தார்கள். சுகிர்தன் முறிந்த காலோடு மரத்தடிக்கு அரக்கி அரக்கி வந்து, தாழ்ந்த கிளைகளை முறித்துக் கீழே விரித்து அதன்மேல் படுத்திருந்தான். முதல் இரவு முழுக்க உயிர் இருந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னாராம். மறுநாள் காலையிலும் இருந்திருக்கலாமாம்.

நகுலேஸ்வரி அதை அம்மாவுக்குச் சொன்னபோது, அந்த இடத்திலேயே என்று சொன்னாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு ஒன்றும் நின்றுபோகவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கிடந்து துடிக்கேல்லத்தானே?"

"இல்லையம்மா."

அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அம்மா அதையே சொன்னாள். என்ர பிள்ளை கிடந்து துடிக்கேல்ல, அதுவே காணும். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நகுலேஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

மலர்ச்சாலை மண்டபத்தில் ஐயர் கும்பம் வைத்து ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அர்ஜுன் வேட்டி கட்டத் தெரியாமல் கட்டி, அதை ஒரு கையால் பிடித்தபடி அவர் சொன்னதையெல்லாம் செய்தான். மாமனுக்குக் கொள்ளி வைக்க வேறு பிள்ளை இல்லை. அம்மா முன்வரிசைக் கதிரையில், பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவளுடைய கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

மேரிசாந்தி வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். அம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போக ஆளில்லாத நாட்களில் கார் எடுத்து வருகிற நல்ல மனிசி. முழங்காலில் இருந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"நாங்கள் எவ்வளவு மண்டாடினனாங்கள் அன்ரி. ரெண்டு நாளும் சேர்ச்சில எல்லாரும் இருந்து செபமாலை சொன்னனாங்கள். எப்பிடியும் உயிரோட கண்டுபிடிக்கோணும் எண்டு. கர்த்தர் இரங்கேல்லையே அன்ரி."

நகுலேஸ்வரி பாய்ந்து வந்து மேரிசாந்தியின் தோளைத் தொட்டாள். பிந்திவிட்டது. அம்மா மேரிசாந்தியின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள், அழாதை அழாதை என்று. பிறகு அவளுடைய கண்கள் மண்டபத்தில் யாரையோ தேடின.

"நிசாந்தன், இஞ்ச வா."

அவன் வந்து குந்தினான். முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாளாத் தேடினனீங்களோ?"

நிசாந்தன் நகுலேஸ்வரியை நிமிர்ந்து பார்த்தான். அவள் மேரிசாந்தியின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"ஓம் மாமி."

"எங்க தேடினனீங்கள்?"

"போன றோட்டில மாமி. மேல் றோட்டு முழுக்க. ரெண்டு பக்கக் காட்டுக்குள்ளையும்."

"மேல் றோட்டிலயோ?" அம்மாவின் குரல் உயரவில்லை. சமையலில் உப்புக் கூடிப்போனதைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். "அவன் அதால வரேல்ல எண்டெல்லோ எனக்குச் சொன்னவன். கல்லுத் தெரியுதாம், கல்லில ஓட மெசின் சூடாகுதாம். ஆத்துப் பக்கத்தால ஒரு பழைய றோட்டு இறங்குதாம், வெயில் படாத றோட்டாம், பனி நல்லாக் கிடக்குதாம். அதால வாறன் எண்டவன். மேல நிண்டு வட்ஸ்அப்பில எடுத்தவன். சாப்பிட்டனியோ எண்டு கேட்டனான். பாண் இருக்கு எண்டவன்."

நிசாந்தன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி வெளியே போனான். மேரிசாந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழும்பித் தன் கைப்பையைத் தேடினாள்.

நகுலேஸ்வரிக்கு அந்தத் தோட்டமும் அந்த ஜன்னலும் கண்ணுக்குள் வந்து நின்றன. பத்து அடி இருக்குமா? கதவைத் திறந்து, அம்மா, தம்பி உங்களுக்கு எடுத்தவனோ என்று ஒரு வார்த்தை. பொலிஸ்காரி இன்னும் லைனில் இருந்திருப்பாள். அவன் அந்நேரம் கிளைக்கு மேல் படுத்திருந்தான், யாரோ வருவார்கள் என்று. அம்மாவுக்குச் சொன்னான்தானே, அம்மா சொல்லுவாள்தானே என்று நினைத்திருப்பான். அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுவது போல் அதை அடக்கினாள்.

"அம்மா," என்றாள்.

"ஐயர் கூப்பிடுறார்," என்றாள் அம்மா.

வாய்க்கரிசி போட அம்மாதான் முதலில் போனாள். நகுலேஸ்வரி கையைப் பிடிக்கப் போனாள். அம்மா கதிரையின் முதுகைப் பிடித்துத் தானாக எழும்பினாள். பெட்டிக்குள் சுகிர்தன் பட்டு வேட்டியும் விபூதிக் குறியுமாகக் கிடந்தான். முகத்தில் கன்னத்து எலும்போரம் ஒரு கறுப்பு. மலர்ச்சாலைக்காரர்கள் பூசி மறைத்தும் முழுக்க மறையவில்லை. அம்மா அந்த இடத்தைப் பெருவிரலால் தடவினாள். நெடுநேரம் தடவினாள். பூச்சுக் கரைந்து விரலில் வந்தது. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு அரிசியைப் போட்டாள்.

நகுலேஸ்வரியின் முறை வந்தபோது அரிசி விரல்களுக்கிடையால் கொட்டுண்டது. பாதிதான் தம்பியின் வாயில் விழுந்தது.

தகனசாலையில் அவர்களுக்குக் கொடுத்த நேரம் கொஞ்சம். அடுத்த பிரேதத்துக்காரர்கள் வெளியில் குடையோடு நின்றார்கள். அர்ஜுன் பட்டனை அமத்தினான். திரை மூடியது. கூட்டம் தேம்பியது. அம்மா அழவில்லை. நகுலேஸ்வரி எதற்காக இத்தனை நாள் பயந்தாளோ அது எதுவும் நடக்கவில்லை. பெட்டி உள்ளே போய்விட்டது. அவளுக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை. காரில் திரும்பும்போது அம்மா முன் ஆசனத்தில் இருந்தாள். பின்னால் நிசாந்தனும் நகுலேஸ்வரியும் ஆளுக்கொரு ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் வரிசையாக முழுகினார்கள். யாரோ கொண்டுவந்த மரக்கறிச் சாப்பாடு சமையலறை மேசையில் மூடியபடி இருந்தது. அம்மா ஈரத் தலையில் துவாய் சுற்றிக்கொண்டு வந்து தண்ணீர் குடித்தாள். அந்நேரம்தான், அலுமாரியிலிருந்து திரும்பக் கைக்கு வந்திருந்த அவளுடைய போன் அடித்தது. பாரிஸிலிருந்து றூபினி. அம்மாவின் தங்கை மகள். பேப்பர் சரிவராததால் சாவீட்டுக்கு வர முடியாமல் போனவள். அழுகைதான் முதலில் கேட்டது.

"ஓம் பிள்ளை," என்றாள் அம்மா. "ஓம். முடிஞ்சுது. நல்லாச் செய்தது." பிறகு றூபினி சொன்னதைக் கேட்டாள். "எப்பிடி நடந்ததெண்டோ? பொறு."

போனை நகுலேஸ்வரியிடம் நீட்டினாள்.

"நீ சொல்லு."

நகுலேஸ்வரி வாங்கினாள். வாங்கிய கையோடு, பழக்கத்தில், பின்தோட்டத்துக் கதவைத் திறக்கப் போனாள்.

"எங்க போறாய்?"

அவள் நின்றாள்.

"இஞ்ச இருந்து சொல்லு. ஸ்பீக்கரில போடு."

நகுலேஸ்வரி திரும்பி வந்து மேசையில் போனை வைத்து அமத்தினாள். அம்மா எதிர்க் கதிரையில் இருந்தாள். கழன்ற துவாயை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"அக்கா? நகுலாக்கா?" றூபினியின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. "என்னக்கா இப்பிடியாப் போச்சு. எண்டாலும் அந்த இடத்திலேயேதானே அக்கா? கஷ்டப்படேல்லத்தானே?"

நகுலேஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை றூபினி, அந்த இடத்திலேயே இல்லை," என்றாள் நகுலேஸ்வரி.

அம்மா கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டாள்.