சிலுவை பனைமேல் ஏறும் இடம்

பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த ரெக்கார்டிங் அறையில், ஜூடித்தால் உட்கார முடியவில்லை. அவளுடைய புதுப் பாட்டு ஆறு மணிக்கு வெளியாக வேண்டும். மணி மூன்றரை. சவுண்டு இன்ஜினியர் அசோகன் வேலையை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் கதவுக்கும் சுவருக்குமாக நடந்தாள்.

“கால்ல சக்கரமாம்மா? ஸ்வல்ப நேரம் உக்காரு.”

“எங்க தீவுல யாரும் உக்கார மாட்டாங்கண்ணா.”

பொய்யில்லை. பாம்பன் தீவு ஒல்லியானது. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசினால் தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கும். வாடை வந்தால் நேர்மாறு. காற்று திரும்பினால் வள்ளங்களும் கரை மாற்றும். ஒரு பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தால் அங்கே பிழைக்க முடியாது.

போன் அடித்தது. அம்மா சகாயமேரி. காலையில்தான் பாட்டை அவளுக்கு அனுப்பியிருந்தாள் ஜூடித்.

“பாட்டு நல்லாருக்கு புள்ள. ஆனா எடத்தச் சொல்லிப்புட்டியே.”

“எந்த எடத்த?”

“நாங்க பாசி எடுக்க முங்குற எடத்த.”

ஜூடித் நடப்பதை நிறுத்தினாள். திரும்பத் திரும்ப வரும் அந்த வரியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்:

*சிலுவை பனைமேல் ஏற, விளக்கு தொட்டியை மறைக்க, குதிச்சேன் நான்.*

கடலில் தெருவும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. கரையைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். மாதா கோயில் சிலுவை ஒற்றைப் பனைக்கு நேர் மேலே தெரிந்தால், வள்ளம் ஒரு கோட்டில் நிற்கிறது. அந்தக் கோட்டிலேயே நகரும்போது கலங்கரை விளக்கம் தண்ணீர்த் தொட்டியை மறைத்தால், இன்னொரு கோடு வந்து வெட்டுகிறது. இரண்டும் வெட்டும் புள்ளிக்கு அடியில் பாசி மண்டிய பாறை.

எட்டு வயதில், பள்ளி விடுமுறைகளில், வள்ளத்தின் முன்னால் நின்று அதைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. எஞ்சினின் சத்தம் கனமாக, கீழ்ச் சுருதியில் உறுமும்; அதோடு மோதினால் குரல் தோற்றுவிடும். மெலிதாக மேலே ஏறினால்தான் கடைசியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் கேட்கும். பெங்களூரில் எல்லாரும் மெச்சுகிற குரல் அப்படித்தான் ஏறப் பழகியது. வார்த்தைகளும் கூடவே வந்துவிட்டன. அது வழி என்பதை மறந்து, வெறும் தாளம் என்று நினைத்துவிட்டாள்.

“ஒம்பது பொம்பளைங்க சோறு புள்ள. நாங்க கையால நுனியக் கிள்ளுவோம், மறுபடி வளரும். பாட்டக் கேட்டு வர்றவன் பாறையோட சொரண்டிட்டுப் போயிருவான்.”

போனை வைத்ததும் அசோகனிடம் சொன்னாள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“அந்த வரிக்காகத்தாம்மா கம்பெனிக்காரன் பாட்டையே எடுத்தான்.”

“தெரியும். பேப்பர் குடுங்க.”

பாட்டுத் தாளின் பின்பக்கம் தீவை வரைந்தாள். சிலுவை, பனை, விளக்கு, தொட்டி, பக்கத்தில் ஐஸ் பிளான்ட், செல்போன் டவர்.

“பனைக்குப் பதிலா ஐஸ் பிளான்ட்டுன்னு போடேன்,” என்றார் அசோகன்.

“அப்ப கோடு வேற பாறைல போய் வெட்டும். அது பிரபா அத்தை கூட்டம் முங்குற எடம்.”

“அப்போ கடலே வேணாம்மா. தரைலயே வெட்டட்டும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்தாள். தொட்டிக்குப் பதில் செல்போன் டவர். கோடு போட்டாள். முதல் கோட்டை அது கரைக்கு உள்ளேயே வெட்டியது. “தொட்டியை” இருந்த இடத்தில் “டவரை”. தாளம் அரை மாத்திரை தடுக்கியது. முதல் முறை பாடியபோது அசிங்கமாக இருந்தது. ஏழாவது முறை, தடுக்குகிற இடத்தில் மூச்சை இழுத்தாள். குதிப்பதற்கு முன் இழுக்கிற மூச்சு மாதிரி இருந்தது. அசோகன் தலையசைத்தார்.

ஐந்தரைக்கு அம்மாவுக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை ஜூடித் மறுபடி கதவுக்கும் சுவருக்கும் நடந்தாள்.

“இது பஸ் ஸ்டாண்டுக்குல்ல வருது,” என்றாள் அம்மா போனில். “அங்கன குதிச்சா மண்டதான் ஒடையும்.” சிரிப்பு வந்தது. கூடவே, “பழச அழிச்சிட்டியா?”

அசோகன் அவள் கண்ணெதிரிலேயே பழைய பதிவை அழித்தார். ஆறு மணிக்குப் பாட்டு வெளியானது. படியிறங்கும்போது அவர் தன்னையறியாமல் முணுமுணுத்தார்: சிலுவை பனைமேல் ஏற, விளக்கு தொட்டியை...

ஜூடித் பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

“அண்ணா.”

“எனக்கு நீச்சலே தெரியாதும்மா,” என்றார் அசோகன்.