றமீஸா டீச்சர் எழுந்து வெளியே போனது

1

இந்தக் கதை எனக்கு அலவத்துகொடப் பக்கம் ஒரு தையல் கடையில் கிடைத்தது. காற்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே தையல்காரர் காளிமுத்து சொன்னார். கடைசியில் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆகவே நான் அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கக் கூடும். அதைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைமேகங்கள் கீழிறங்கி, கடைத்தெருவை மெல்லத் தழுவிய அந்த மாலை—'

வேண்டாம். மழை காளிமுத்துவின் கடையைத் தழுவவில்லை. சேற்றோடு உள்ளே வந்தது. தைத்து அடுக்கியிருந்த பாடசாலைச் சீருடைகளை நனைத்து நாசமாக்கியது. கடைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கானை அடைத்துக்கொண்டு பக்கத்துக் கடை நீண்டிருந்தது. அந்தக் கடை பிரதேச சபை உறுப்பினர் ரஸீனின் தம்பியுடையது. கடையை நீட்டச் சபை அனுமதி கொடுத்தபோது ரஸீனும் ஆதரவாகக் கை தூக்கியிருந்தார்.

காளிமுத்து ரஸீன்மேல் முறைப்பாடு செய்தார்.

3

உறுப்பினர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்க அந்தச் சபை [பெயர் கேட்காதீர்கள், அப்படியொரு சபையைக் கதைக்காகக் கட்டியவன் நான்தான்] ஊரார் நால்வரைக் குழுவாக வைத்திருந்தது. தலைவி, சட்டத்தரணி தர்ஷனா. மற்றவர்களில் ஒருவர் றமீஸா, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஊருக்கே டீச்சர்.

ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. டீச்சரின் மகள் நப்லாவை ரஸீனின் மகனுக்குப் பேசி முடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நல்லநாள் பார்த்துச் சொல்லலாம் என்று இரு வீட்டாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

முறைப்பாட்டுச் செய்தி பரவியதும் ரஸீனின் மனைவி தொலைபேசியில் வந்தாள். "அல்லாஹ்தான் ஒங்கள அந்தக் குழுவுல வெச்சீக்கான். எங்களுக்கு வேற யாரு ஈக்கி?"

பஸ் நிறுத்தத்தில் காளிமுத்து பிடித்துக்கொண்டார். "நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்ச பெறகுதான் டீச்சர் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. எம் மவனுக்கு நீங்கதானே கணக்குச் சொல்லிக் குடுத்தீங்க. ஒரு புள்ளி கூட்டவும் மாட்டீங்க, கொறைக்கவும் மாட்டீங்க."

டீச்சர் குழுவில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று.

4

இந்த இடத்தில் எனக்கு றமீஸாமேல் சந்தேகம் வந்தது. எந்த மனுஷியும் இவ்வளவு நல்லவளா? சோதித்துப் பார்க்க அவரை ஒன்றும் சொல்லாமல் குழுவில் உட்கார வைத்து எழுதினேன்: 'யாருக்காகவும் வளைந்து கொடுக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், ஆகவே—'

ஆகவே என்ன? வாக்கியம் நகரவில்லை. அவர் வளையாமலே தீர்ப்புச் சொல்லியிருப்பார், அது உண்மைதான். ஆனால் மகளின் சங்கதியை மறைத்து வைத்துக்கொண்டு, என்னை நம்புங்கள் என்று ஊரிடம் எப்படிக் கேட்பது? அது புரிந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எண்ட கலியாணத்தக் கொண்டுபோய்க் கூட்டத்துலயா சொல்லோணும்?" என்று நப்லா வெடித்தாள்.* "அவங்க வேணாம்னுட்டா?"

"சொல்லாம ஈந்து, பொறகு தெரியவந்தா? ஒன்னக் குடுத்துத்தான் மாமனாரக் காப்பாத்தினேன்னு பேசுவாங்க மகள்."

நப்லா கோபத்தோடு எழுந்து போனாள். ஆனால் 'சொல்லாதீங்க' என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

* இதைக் காளிமுத்து கேட்டிருக்க வழியே இல்லை. நானாக எழுதியது.

5

குழு கூடியது. தர்ஷனா பேச வாயெடுக்குமுன் டீச்சர் எழுந்தார்.

"இந்த விசாரணையில நான் இருக்க ஏலா. ரஸீன் ஹாஜியார்ட குடும்பத்தோட நாங்க சம்பந்தம் பேசி ஈக்கிறோம்."

ரஸீனின் முகம் சிவந்தது. காளிமுத்துதான் பதறிப்போனார். "எனக்கு அதுல ஒண்ணுமில்லீங்க டீச்சர். நீங்க இருங்க."

"இப்ப ஒண்டும் இல்ல. தீர்ப்பு ஒங்களுக்கு எதிரா வந்தா?"

டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். தெருவில் இறங்கியதும் பசித்தது, அகோரப் பசி. எதிர்க் கடையில் உட்கார்ந்து ரொட்டியும் பிளேன்டீயும் வாங்கினார். உள்ளே என்ன நடக்கிறதோ என்ற கவலை இனி அவருடையதல்ல. இன்னொரு ரொட்டியும் சொன்னார்.

6

கதைக்கு வலி வேண்டுமே என்று ஒரு பிரதியில் கலியாணத்தை நிறுத்திவிட்டேன். நப்லாவை ஜன்னலோரம் அழவும் வைத்தேன். பிறகு மனம் கேட்காமல் காளிமுத்துவிடம் போய், கலியாணம் நின்றுபோனதா என்று விசாரித்தேன்.

"ஏன் நிக்கணும்?" என்றார்.

நடந்தது இதுதான். தம்பியின் கடை விஷயத்தில் ரஸீன் கை தூக்கியிருக்கக் கூடாது, அவர் இல்லாமல் சபை மறுபடி வாக்கெடுக்க வேண்டும் என்று மற்ற மூவரும் முடிவு சொன்னார்கள். அன்று பின்னேரமே ரஸீன் டீச்சர் வீட்டுக்கு வந்தார், வேண்டுமென்றே வெறுங்கையோடு.

"நீங்க எழும்பினதும் எனக்குச் சரியான கோவம் டீச்சர். பொறகுதான் யோசிச்சேன். நீங்க ஈந்து என்னத் தப்ப விட்டீந்தா, மருமகள்ட முகத்தப் பாக்கிற நேரமெல்லாம் அதுதானே ஞாபகம் வரும்?"

"விட்டிருக்க மாட்டேன் ஹாஜியார்."

ரஸீன் வயிறு குலுங்கச் சிரித்தார். உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நப்லாவும் சிரித்துவிட்டாள். டீச்சருக்கு நெஞ்சிலிருந்து அம்மிக்கல் ஒன்றை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

7

இனி முடிவு. கடையின் நீட்டிய பகுதியைச் சபை உடைக்கச் சொன்னது என்று முடிக்கலாம். அல்லது ரஸீனின் கை இல்லாமலே அனுமதி மறுபடி நிறைவேறியது என்றும்—

இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன்.

வாக்கெடுப்பு நாள். ரஸீன் விறாந்தையில் நிற்கிறார். உள்ளே அவருடைய கதிரை காலியாக இருக்கிறது. கடையில் காளிமுத்து துணிகளை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார், வானம் கறுத்து வருகிறது. நீங்கள் ரஸீனுக்கும் சொந்தமில்லை, காளிமுத்துவுக்கும் சொந்தமில்லை. உள்ளே போய் உட்காருங்கள். கடையை நீட்ட அனுமதி கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

கை தூக்குவீர்களா?