தோர்ட்சேயின் நிழல்

தோர்ட்சே மலை காணாமல் போய் நானூற்றுப் பத்து நாட்கள் முடிந்திருந்தன. காணாமல் போன அன்று காலை ஒன்பது மணிக்கு மேகம் மூடியது, பத்தேகாலுக்கு விலகியது. மலை இருந்த இடத்தில் நல்ல நீல வானம் இருந்தது. கும்லுங் கிராமத்தின் ஏழு லாட்ஜ்காரர்களும் அன்றே கூடி, வரும் பயணிகளிடம் "இன்னைக்கு மேகம், நாளைக்குத் தெரியும்" என்று சொல்வதென முடிவு செய்தார்கள். மேகமில்லாத நாட்களிலும் அதையே சொன்னார்கள். பயணிகள் வெறும் வானத்தைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

நிழல் மட்டும் போகவில்லை. தினமும் பிற்பகல் மூன்று இருபதுக்கு வந்து ஊரை மூடியது. பயணிகள் ஜாக்கெட் போட்டுக்கொண்டார்கள். நிழலின் கூர்முனை யாங்ஜியின் உருளைக்கிழங்கு வயலில் முடியும். அவள் அந்த இடத்தில் ஒரு கோப்பை வெண்ணெய்த் தேநீரை வைத்துவிட்டு நிற்பாள். அவள் கணவன் மிங்மார், மலை போன அன்று விடியற்காலையில், மலையேற வந்தவர்களுக்காகக் கயிறு கட்ட உச்சிக்கு ஏறியவன். அடிவார முகாமில் படுத்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். தன் லாட்ஜில் தங்கி மிங்மாரைக் கேட்கும் விருந்தினர்களிடம் யாங்ஜி, "மேல வேலையா இருக்காரு" என்பாள்.

இறந்தவருக்கான நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கைச் செய்துவிடலாம் என்று லாமா மூன்று முறை வந்து சொன்னார்.

"நிழல் விழுதே, லாமாஜி. நிழல் இருந்தா மலை எங்கயோ இருக்கு. மலை இருந்தா அவரும் இருக்காரு."

பக்கத்து லாட்ஜ் கல்தேன் வேலியோரம் நின்று கிண்டல் செய்வான். "நாங்க வானத்தைக் காட்டிப் பொழைக்கிறோம். நீங்க நிழலுக்கு டீ ஊத்துறீங்க. யாருக்கு அண்ணி பைத்தியம் ஜாஸ்தி?"

"உனக்குத்தான். போன மாசம் இல்லாத மலையைப் பாக்க பைனாகுலர் வாங்கி வச்சியே."

நானூற்றுப் பதினோராவது நாள் நிழல் வரவில்லை. மூன்று இருபது ஆயிற்று, மூன்றரை ஆயிற்று, நாலும் ஆயிற்று. வயல் முழுக்க வெயில். கொடியில் கிடந்த போர்வைகள் நன்றாகக் காய்ந்தன. யாங்ஜி கோப்பையைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தாள். தேநீர் ஆறி, மேலே வெண்ணெய் ஏடு கட்டியது. கல்தேன் வேலியோரம் வந்தான், வெயில் விழுந்த வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

ஐந்து நாளாகத் தங்கியிருந்த கொரியக் கிழவர் ஒருவர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்.

"நாளைக்காவது தெரியுமாம்மா?"

யாங்ஜி தேநீரை மண்ணில் ஊற்றினாள்.

"என் வீட்டுக்காரர் செத்துப் போயிட்டாருங்க," என்றாள்.