பாதிக் குப்பி மருந்து

என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி ஜெபம் பண்ண முழங்கால் போட்டாலே நான் வீட்டுச் சாமான்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். அவர் எழுந்தால் வீட்டில் ஏதாவது ஒன்று இல்லாதவர் யார் கைக்காவது போகும். சைக்கிள் போனது, விதைநெல் போனது, கிறிஸ்துமஸுக்கு எடுத்த என் சேலைகூடப் போனது. கேட்டால், "கர்த்தர் பாத்துக்கிடுவாரு, கிருபா" என்பார். "பாத்துக்கிடுதவரு ஜவுளிக்கடையா வச்சிருக்காரு?" என்று நானும் விடமாட்டேன்.

அந்த மார்கழியில் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் வேதக்கோயில் மேல்மாடத்தில் ஏறி உட்கார்ந்தோம். கீழே பெஞ்சுகள் மிதந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தன. என் பயமெல்லாம் மகள் எப்சிபாவைப் பற்றித்தான். நாலு வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் ஊசி ஒரு நாள் தவறினாலும் உயிருக்கு ஆபத்து. மடியில் முடிந்துகொண்டு வந்த குப்பியில் இன்னும் இரண்டு நாளைக்குத்தான் மருந்து இருந்தது. தண்ணீர் எப்போது வடியும் என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ருக்சானா மார்பளவு தண்ணீரில் நடந்து வந்தாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வரிசையில் பழக்கமானவள். அவள் மகன் அம்மாருக்கும் இதே வியாதி. அவர்கள் மருந்து வெள்ளத்தோடு போய்விட்டது. பிள்ளையைப் பள்ளிவாசல் மாடியில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"கிருபாக்கா, அவன் வாயில பழ வாசன அடிக்குது."

அதற்குமேல் அவள் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருந்து கிடைக்காத உடம்பு கெடத் தொடங்கினால் அந்த வாசனைதான் முதலில் வரும்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இதோ முழங்கால் போடுவார், எழுந்து குப்பியைக் கேட்பார், இந்தத் தடவை உயிரே போனாலும் தரக்கூடாது என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவரோ எப்சிபாவின் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

"என்னங்க, ஜெபம் பண்ணலையா?"

"பண்ணினா குடுக்கச் சொல்லிருவாரோன்னு பயமாருக்கு" என்றார்.

இந்த மனுஷனின் விசுவாசத்தைத் திட்டிக்கொண்டே இத்தனை வருஷமும் அதை நம்பித்தான் தூங்கியிருக்கிறேன். ஆனால் ருக்சானா வெறுங்கையோடு தண்ணீரில் இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு என் பிள்ளைக்கு ஊசி போட எனக்குத் தைரியம் இல்லை. ஆண்டவரே, நீர் பார்க்காவிட்டால் உம்மைச் சும்மா விடமாட்டேன் என்று மனதுக்குள் சண்டை போட்டபடியே, பாதி மருந்தை ஒரு ஊசியில் உறிஞ்சி மூடி, அவள் தலைத்துணியில் முடிந்துவிட்டேன். "பைய போ, ஏட்டி" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

வேதத்தில் வரும் சாறிபாத் விதவை, இருந்த கடைசி எண்ணெயைப் பகிர்ந்த பிறகும் அவள் கலசத்தில் எண்ணெய் குறையவே இல்லை என்று எங்கள் பாதிரி ஐயர் பிரசங்கம் பண்ணுவார். என் குப்பி குறைந்தது. அன்று சாயங்காலமே காலியும் ஆனது. மறுநாள் விடிந்ததும் எப்சிபா தண்ணீர், தண்ணீர் என்று அனத்தினாள். அவள் வாயை முகர்ந்து பார்த்தேன். பழ வாசனை. கொடுத்த கையை வெட்டிப் போடலாமா என்றிருந்தது.

மதியம் மோட்டார் சத்தம் கேட்டது. கடற்கரை மீனவர்கள் படகை ஜன்னலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

"சுகர் புள்ள எங்க? பள்ளிவாசல் மாடியில ஒரு அம்மா ஏறவே மாட்டேன்னுட்டா. கோயில்ல ஒரு புள்ள மருந்தில்லாம கெடக்கு, மொதல்ல அங்கன போங்கன்னு வெரட்டுதா."

எப்சிபாவைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். "அவ புள்ள எப்படி இருக்கான்?" என்றேன்.

"நேத்து கண்ணு முழிச்சானாம். இப்பம் திரும்பவும் மூச்சு வாங்குதான்."

"அப்பம் படகைத் திருப்புங்க, அண்ணாச்சி."

"தண்ணி எதுத்து இழுக்கு, தாயி. ரோடு வரைக்கும்தான் டீசல் காணும்."

மடியில் பிள்ளை கண் செருகிக் கிடந்தாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர்தான் "திருப்பும் வே" என்றார்.

ருக்சானாவையும் அம்மாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, ரோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எஞ்சின் நின்றது. படகு பக்கவாட்டில் இழுபட்டது. ரோட்டில் நின்றவர்கள் வீசிய கயிறு இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை கைக்கு வந்தது.

ஆம்புலன்சில் நர்ஸ் அவசரமாக மருந்தை ஊசியில் ஏற்றினார். "எந்தப் பிள்ளைக்கு முதல்ல?" என்று கேட்டார்.

நான் அம்மாரைக் காட்டினேன். ருக்சானா எப்சிபாவைக் காட்டினாள்.